கல்லட்டி இறக்கத்தில் மினுக்கிய மஞ்சள் விளக்கு: இ.எஸ்.சி. உண்மையில் என்ன செய்கிறது?

மசினகுடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டு ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

வீடு மசினகுடியில், வேலை ஊட்டியில். வாரத்தில் நாலைந்து நாள் கல்லட்டி மலைப்பாதை வழியாகத்தான் ஏறி இறங்குகிறேன். 36 கொண்டை ஊசியும் மனப்பாடம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைக்குந்தா தாண்டும்போதே மூடுபனி, கூடவே தூறல். செகண்ட் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு இடது வளைவில் கற்பூர மரத்து இலைகள் ஈரத்தில் ரோட்டோடு ஒட்டிக் கிடந்தன. கவனிக்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி நான் ஒடித்த பக்கம் வரவில்லை, பள்ளத்தைப் பார்த்து நேராக நழுவியது. ஒரு நொடிகூட இருக்காது. அடியில் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், மீட்டரில் கார் வழுக்குகிற மாதிரிப் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கியது, யாரோ இடது பின் சக்கரத்தைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி தானாகத் திரும்பிவிட்டது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை கை நடுங்கியது.

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "விளக்கு வந்தால் சென்சார் போச்சு" என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதற்குப் பிறகு விளக்கு வரவில்லை. நான் மிதிக்காமல் ஒரு சக்கரம் மட்டும் எப்படிப் பிடித்தது? சென்சாரை மாற்ற வேண்டுமா?

குன்னூர் பட்டறை

தம்பி, பணத்தைக் கொடுக்காமல் வந்தது நல்லது. அது இ.எஸ்.சி. விளக்கு. வண்டி வழுக்கினால் தானே பிரேக் பிடித்து நிலைப்படுத்துகிற அமைப்புக்கு அந்தப் பெயர். விளக்கு மினுக்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். அணையாமல் நின்று எரிந்தால்தான் பழுது. உங்கள் வண்டி அன்றைக்கு உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்குப் போய் சென்சாரைக் கழற்றுவதா?

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாலு சக்கரத்திலும் வேகம் அளக்கிற சென்சார் இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டில் ஒன்று, எத்தனை டிகிரி ஒடித்தீர்கள் என்று பார்க்கும். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு முன்சீட்டுக்கு நடுவே, கியர் பெட்டிக்குப் பக்கத்தில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று தரையோடு முடுக்கியிருக்கும். வண்டி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்பதை அதுதான் சொல்கிறது. நீங்கள் ஒடித்த அளவுக்கு வண்டி திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற அமைப்பு) பம்ப் தானே ஓடி உள்பக்கப் பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் ஆயிலைத் தள்ளும். அந்தப் பம்ப் சத்தம்தான் 'டர்ர்ர்'. இடது வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் எது? இடது பின் சக்கரம். உங்களுக்குப் பட்டது சரிதான்.

இதுவே முன்பக்கம் பிடித்து, பின்பக்கம் வீசியிருந்தால் வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும். அதாவது வலது முன்.

அரவேணு மலர்

நான் கோத்தகிரி பக்கம் பிறந்தவள், இப்போது கோவையில் அளவீட்டுக் கருவிகள் சம்பந்தமான வேலை. குன்னூர் அண்ணா சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் போக மனசில்லை.

ஏ.பி.எஸ். இதைவிடப் பழையது. 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காருக்குக் கொடுத்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் சுற்றுகிறதா, பூட்டிக்கொண்டதா என்பது மட்டும். ஆனால் நாலு சக்கரமும் அழகாகச் சுற்றிக்கொண்டே வண்டி பள்ளத்தில் விழ முடியுமே! மசினகுடி அண்ணனுக்கு நடக்கவிருந்தது அதுதான். சக்கரங்களை மட்டும் பார்த்தால் அது தெரியாது.

இந்தச் சிக்கலைப் பிடித்துக்கொண்டு பல வருடம் உட்கார்ந்தவர் ஆன்டன் வான் சான்டன். நெதர்லாந்துக்காரர், 1977-இல் பாஷில் சேர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார், வண்டி எங்கே போகிறது? முதலாவதை ஸ்டீயரிங் சொல்லும். இரண்டாவதைச் சொல்ல, வண்டி தன் செங்குத்து அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்கும் கருவி வேண்டும். அப்படி ஒன்று அப்போது விமானத்திலும் ஏவுகணையிலும்தான் இருந்தது, அதன் விலையில் ஒரு காரே வாங்கலாம். அதைக் காருக்கு ஏற்ற விலைக்கும், குலுக்கலையும் குளிரையும் சூட்டையும் தாங்கும் உறுதிக்கும் கொண்டுவந்ததுதான் பெரிய உழைப்பு. 1992-இல் பாஷும் மெர்சிடிஸும் கூட்டுத் திட்டம் தொடங்கின. 1995-இல் எஸ் கிளாஸ் கூப்பே காரில் வந்தது. அதில் இருந்த சுழல் சென்சார், ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சின்ன உலோக உருளை. வண்டி திரும்பினால் அந்த அதிர்வின் வடிவம் லேசாக இடம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் அளப்பார்கள். வெண்கலக் கிண்ணத்தைத் தட்டிவிட்டுக் கையில் வைத்துத் திருப்பினால் அதன் ரீங்காரம் ஏறி இறங்குகிற மாதிரிக் கேட்கும். அதே தத்துவம்தான். 1998 முதல் சிலிக்கான் சில்லில் செதுக்கிய சென்சார் வந்தது. விலையும் அளவும் சுருங்கின.

இந்த ஒப்பிடும் வேலை நொடிக்கு 25 முறை நடக்கிறது. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள் நாலைந்து தடவை பார்த்து முடித்திருக்கும்.

1997-இல் சுவீடனில் ஒரு பத்திரிகையைச் சேர்ந்தவர்கள், சாலையில் திடீரென மூஸ் என்கிற பெரிய மான் நின்றால் எப்படி ஒடிப்போமோ அப்படி ஒடித்துப் பார்த்த சோதனையில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் அந்தச் சின்ன காருக்கும் இதைக் கட்டாயமாகப் பொருத்தினார்கள். பெரிய பணக்கார வண்டிக்கு மட்டும் இருந்தது எல்லோருக்கும் இறங்கி வந்தது அந்த விபத்தால்தான். 2016-இல் வான் சான்டனுக்கு ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதில் வாழ்நாள் சாதனைப் பரிசு கிடைத்தது. நம் தெப்பக்காடு ரோட்டில் நிஜமாகவே கடமான் நிற்கும். இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ரோடுதான்.

மசினகுடிக்காரன்

மலர் அக்கா, ரொம்ப நன்றி. முந்தாநாள் ராத்திரிகூடச் செக்போஸ்ட் தாண்டியதும் ஒரு கடமான் குறுக்கே வந்தது. குன்னூர் அண்ணா, நன்றி. சென்சாரைத் தொட மாட்டேன்.

பழைய டிரைவர்

முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று எல்லாத் தடமும். எங்கள் காலத்தில் இந்தப் பெட்டி எதுவும் கிடையாது. வண்டி வழுக்கப்போவது முதலில் இடுப்பில் தெரியும். சீட்டு பக்கவாட்டில் லேசாக இழுக்கும். அப்புறம் ஸ்டீயரிங் இலேசாகிவிடும், கையில் கனமே இருக்காது. அந்த இலேசு தெரிந்தவுடனே காலை எடுக்க வேண்டும். பர்லியார் பக்கம் மழை நாளில் இதை எத்தனை தரம் உணர்ந்திருக்கிறேன்! மிஷின் இதையெல்லாம் பார்க்கிறதா, மகளே?

அரவேணு மலர்

ஐயா, நீங்கள் இடுப்பில் உணர்ந்ததைத்தான் அந்தப் பெட்டி அளக்கிறது. பக்கவாட்டு இழுப்பு ஒரு சென்சார், சுழல்வது இன்னொன்று. ஸ்டீயரிங் இலேசாவதை மட்டும் அது நேரடியாக உணராது. நீங்கள் ஒடித்ததற்கு வண்டி பதில் சொல்லவில்லை என்பதை வைத்துக் கணித்துக்கொள்ளும்.

உங்களுக்காகவே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரால்ஃப் டீட்டர். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக்காரர், 1890-இல் பிறந்தவர். 5 வயதில் ஒரு விபத்தில் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஆனாலும் 1912-இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் வாங்கினார். முதல் உலகப்போர் சமயத்தில் போர்க்கப்பல்களின் நீராவி டர்பைன் சுழலிகளைச் சமன்படுத்தும் வேலையில் எல்லோரும் திணறியபோது, விரலால் தொட்டு அதிர்வை உணர்ந்து வழி கண்டவர் அவர். பிறகு பிஸ்டன் ரிங் செய்யும் நிறுவனத்தின் தலைவரானார், 1936-இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்துக்கே தலைவர்.

அவருடைய வக்கீல் நண்பர் ஒருவர் காரோட்டுவார். பேசும்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவார், கேட்கும்போது மிதிப்பார். பக்கத்தில் உட்கார்ந்த டீட்டருக்கு அந்த இழுப்பும் தள்ளலும் தாங்கவில்லை. கண் தெரிந்தவர்கள் வெளியே பார்த்துக்கொண்டு கவனிக்காமல் விடுகிற ஒன்றை அவர் உடம்பு கவனித்தது. வண்டியின் வேகம் ஒரே சீராக இருக்க ஒரு கருவி செய்தே தீர்வது என்று இறங்கிவிட்டார். டிரைவ் ஷாஃப்டோடு சுழலும் எடைக்குண்டுகள் வேகத்தை அளக்கும், வைத்த வேகத்தைத் தாண்டினால் ஆக்சிலரேட்டர் பெடல் காலை எதிர்த்துத் தள்ளும். 1945-இல் விண்ணப்பித்து 1950-இல் காப்புரிமை பெற்றார். 1958-இல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. இன்று எல்லோரும் குரூஸ் கன்ட்ரோல் என்கிற பொருள் அதுதான். தான் கண்டுபிடித்த கருவி இருக்கும் காரை அவரால் ஒருநாளும் ஓட்ட முடிந்ததில்லை.

பழைய டிரைவர்

இதை என் வீட்டம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். டயர் சத்தம், இன்ஜின் சத்தம் இரண்டையும் வைத்தே மூடுபனியில் வண்டி ஓட்டியிருக்கிறோம். ஹெட்லைட் வெளிச்சம் ஒரு முழம்கூடப் போகாத ராத்திரிகள் உண்டு. அந்த மனுஷருக்கு எல்லா ராத்திரியும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கூடலூர் ஆட்டோமேட்டிக்

எல்லாம் படித்தேன், அருமை. எனக்கு ஒரு கேள்வி. என் வண்டி ஆட்டோமேட்டிக். இ.எஸ்.சி., ஏ.பி.எஸ்., ஏற்றத்தில் பின்னால் போகாமல் பிடிக்கிற வசதி எல்லாம் இருக்கிறது. 'டி'யில் போட்டபடி பிரேக்கை மட்டும் மிதித்துக் கல்லட்டியில் இறங்கினால் என்ன தப்பு?

குன்னூர் பட்டறை

தப்புதான் தம்பி, பெரிய தப்பு. எந்த சென்சாரும் அந்தத் தப்பைத் திருத்தாது. வெளியூர் வண்டிகளைக் கல்லட்டியில் இறங்க விடாமல் செக்போஸ்ட்டில் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? என் பட்டறைக்கு வரும் பிரேக் டிஸ்க்குகளைப் பார்த்தால் புரியும். நீலம் பாய்ந்திருக்கும், பேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும்.

கணக்கு போடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர். மசினகுடி வரை 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம். ஆட்களோடு 1,400 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி சுமார் 16 மெகாஜூல், நாலரை யூனிட் மின்சாரம். குளிர்ந்த தண்ணீர் 50 லிட்டரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. எல்லாவற்றையும் நாலு டிஸ்க்கின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் குடித்துப் பழசானால் 140-க்கே கொதித்துவிடும். ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் வரும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். அந்த நேரத்தில் இ.எஸ்.சி. பம்ப் எதைத் தள்ளும்? அதற்கும் அதே ஆயில்தான்.

ஆட்டோமேட்டிக்கில் 'எல்' அல்லது மேனுவலில் ஒன்று, இரண்டு. இன்ஜின் உறுமட்டும், பயப்படாதீர்கள். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். தேய்த்துக்கொண்டே வராதீர்கள். அந்த உறுமலில்தான் சூட்டின் பெரும்பங்கு வெளியே போகிறது.

அரவேணு மலர்

அண்ணா சொன்னதோடு ஒரு வார்த்தை. இ.எஸ்.சி. புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற பிடிப்பைச் சக்கரத்துக்குச் சக்கரம் சரியாகப் பங்கிடுகிறது, அவ்வளவுதான். வேகம் அதிகமென்றால் பங்கிட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஏற்றத்தில் பின்னால் போகாமல் பிடிப்பது நினைப்பதைவிடப் பழைய யோசனை. 1936-இலேயே ஸ்டூடிபேக்கர் காரில் இருந்தது. பிரேக் குழாய் வழியில் ஒரு குண்டு. வண்டி ஏற்றத்தில் நின்றால் அது தானாக உருண்டு போய் ஓட்டையை அடைத்து, பிரேக் அழுத்தம் இறங்காமல் பிடித்துக்கொள்ளும், கிளட்சை விட்டதும் திறந்துவிடும். மின்சாரமே இல்லாத சாய்வு சென்சார்! இன்று அதே வேலையை ஒரு சிலிக்கான் சில் செய்கிறது.

பெருமாள்மலை

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒருவன். பேச்சு சென்சாரைப் பற்றிப் போவதால் என் தலைவலியையும் சொல்கிறேன். வத்தலக்குண்டில் மதியம் 33 பி.எஸ்.ஐ. காற்று பிடித்தேன், நல்ல வெயில். மறுநாள் காலை வீட்டு வாசலில் வண்டியின் திரை நாலு டயருக்கும் 29 காட்டுகிறது. பஞ்சரா என்று பயந்து கையில் வைத்திருக்கும் கேஜால் பார்த்தால் 33-க்குக் கொஞ்சம் கம்மி. எதை நம்புவது? திரையை நம்பி நாலு பாயிண்ட் ஏற்றிவிடலாமா?

அரவேணு மலர்

ஏற்றாதீர்கள் அண்ணா! உங்கள் கேஜ் சொல்வதுதான் சரி. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது, பொறுமையாகப் படியுங்கள்.

கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே காற்று மண்டலம் அமுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். வத்தலக்குண்டில் வெளிக்காற்று சுமார் 14.1 பி.எஸ்.ஐ. ஆகவே டயருக்குள் மொத்தம் 47.1. கொடைக்கானல் 2,133 மீட்டர், அங்கே வெளிக்காற்று சுமார் 11.3 தான். மதியம் 34 டிகிரியில் அடைத்த காற்று காலை 14 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே மொத்தம் 44 ஆகச் சுருங்கும். 44-இல் 11.3 போனால் 32.7. பார்த்தீர்களா? குளிர் 3 பாயிண்டைக் குறைத்தது, உயரம் கிட்டத்தட்ட அதே 3 பாயிண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மலை ஏறுகிறவர்களுக்கு இயற்கை செய்கிற ஈடு இது.

சரி, திரையில் 29 ஏன்? டயருக்குள் இருக்கும் சென்சாருக்கு வெளியுலகம் தெரியாது. அது அளப்பது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை. அதிலிருந்து வெளிக்காற்றைக் கழித்துத்தான் திரையில் காட்ட வேண்டும். சில வண்டிகள் அந்தந்த இடத்து வெளிக்காற்றை அளந்து கழிக்கும். சில, கடல்மட்டத்துக் கணக்காக 14.7-ஐயே எல்லா ஊரிலும் கழிக்கும். 44-இல் 14.7 போனால் 29.3. உங்கள் திரை அதைத்தான் காட்டுகிறது. சென்சாரில் பழுது இல்லை, கழிக்கிற எண்தான் சமவெளி எண்.

திரையை நம்பி நாலு பாயிண்ட் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்கினால் ஓடாத டயரிலேயே 37-க்கு மேல் நிற்கும். ஓடிச் சூடானால் இன்னும் ஏறும். டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டு ஓடும், ஈர ரோட்டில் பிடிப்பு குறையும்.

பெருமாள்மலை

அக்கா, இரண்டு வருஷமாக மாசத்துக்கு ஒருமுறை மேலே காற்று ஏற்றிக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். நடுப்பகுதி தேய்ந்த டயர்கள் இப்போதும் வண்டியில்தான் இருக்கின்றன. இன்றைக்கே கேஜ் கணக்குக்கு மாற்றிவிட்டேன்.

மஞ்சூர் 43

எனக்கும் உதவுங்கள். எனக்கு விளக்கு மினுக்கவில்லை, நின்று எரிகிறது. ஏ.பி.எஸ்., இ.எஸ்.சி. இரண்டும். போன மாசம் வலது முன் சக்கர பேரிங் மாற்றினேன், அன்றிலிருந்துதான். மாற்றிய இடத்தில் சென்சார் போய்விட்டது என்றார்கள், புது சென்சாரும் போட்டாயிற்று. விளக்கு போகவில்லை.

குன்னூர் பட்டறை

பேரிங்கைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். பந்தயம் கட்டுகிறேன்.

பழைய வண்டிகளில் ஆக்சிலில் பல் வைத்த இரும்பு வளையம் இருக்கும், அதைப் பார்த்து சென்சார் எண்ணும். உங்களுடைய மாதிரிப் புது வண்டிகளில் பல்லே இல்லை. பேரிங்கின் ஒரு பக்கத்து ரப்பர் சீலிலேயே காந்தத்தை வட, தென் முனைகளாகச் சுற்றிப் பதித்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டு பக்கமும் கறுப்பு, ஒரே மாதிரி. காந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி அழுத்திவிட்டால் சென்சாருக்கு எதுவுமே தெரியாது. அந்தச் சக்கரம் எப்போதும் நிற்கிறது என்றே சொல்லும். எத்தனை புது சென்சார் போட்டாலும் அதே கதைதான்.

கழற்றியதும் ஒரு குண்டூசியைச் சீலுக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். ஒட்டுகிற பக்கம்தான் காந்தப் பக்கம். பேரிங்கை வெளியே எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் போட முடியாது, புதுசு வாங்க வேண்டியிருக்கும். அதுவரை விளக்கு எரிகிற வண்டியில் மழை நாளில் கெத்தை ரோட்டில் இறங்காதீர்கள். பிரேக் பிடிக்கும், ஆனால் வழுக்கினால் கேட்க ஆள் இல்லை.

மசினகுடிக்காரன்

ஒரு தகவல். குன்னூர் அண்ணா சொன்னதைப் படித்ததும் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தேன். நாலு வருஷமாக மாற்றவில்லை. பால் ஊற்றாத டீ நிறத்தில் இருந்தது. நேற்று டாட் 4 மாற்றினேன். பெடல் மேலேயே நின்று பிடிக்கிறது. இத்தனை நாளும் இந்தப் பழசோடுதான் வாரத்துக்கு நாலு தரம் இறங்கியிருக்கிறேன்.

மஞ்சூர் 43

அண்ணா, வேறு ஒருவரிடம் கொடுத்து இன்று கழற்றிப் பார்த்தோம். என் மகள் தையல் பெட்டியிலிருந்து குண்டூசி எடுத்துவந்தாள். சென்சாரைப் பார்த்திருந்த பக்கத்தில் ஊசி ஒட்டவே இல்லை. மறுபக்கம் கொண்டு போனதும் சட்டென்று போய் ஒட்டிக்கொண்டது. புது பேரிங்கை ஊசி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினார். வண்டியை ஐம்பதடி உருட்டியதும் இரண்டு விளக்கும் அணைந்துவிட்டன.